அஞ்சாவது கணினியில் ஒன்பது பேர்

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டு, புன்னைத்துறை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகள் ஐந்தும் ஒருசேரப் படுத்துவிட்டன; கரண்ட் திரும்பியதும் நாலு கணினிகள் எழுந்து வேலையைப் பார்த்தன, அஞ்சாவது மட்டும் எழவில்லை, எழுப்பினால் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டியது: அனுமதி மறுக்கப்பட்டது. அந்த வரியை முதலில் படித்தவள் ஜெசிந்தா. சங்கத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது. அஞ்சாவது கணினிக்குள் இருந்த ஒன்பது ஆண்களில் ஒருவன் அவள் புருஷன் கஸ்பார்.

கணினி ஐந்து என்றாலும் இரும்புப் பெட்டி ஒன்றுதான். அதற்குள் உடம்பில்லாத ஐந்து கணினிகள் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தின. மெய்நிகர் கணினி என்று அதை அமைத்துக்கொடுத்த நாகர்கோவில் பொறியாளர் சொன்னார், ஊரார் கேட்டுவிட்டுப் பொய்க் கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பொய்க் கம்ப்யூட்டருக்கு உடம்பு என்று இருப்பது ஒரு பெரிய கோப்பு மட்டும்தான். அந்தக் கோப்புகள் சுவரோரம் நின்ற இன்னொரு பெட்டியில், சேமிப்புப் பெட்டியில், அறைக்குள் அறையாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அஞ்சாவது கணினியின் வேலை, கடலிலிருக்கும் படகுகள் வயர்லெஸ்ஸில் பேசுவதைப் பதிந்து வைப்பது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் 'விடிவெள்ளி' என்ற விசைப்படகு ஒன்பது பேரோடு திரும்பி வரவில்லை. ஹெலிகாப்டர் தேடியது, கடற்படை தேடியது, ஊர்ப் படகுகள் இருபது நாள் தேடின, ஒரு மிதவைக்கட்டை கூடக் கிடைக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, படகுகள் எல்லாம் என்ன பாடு என்று கரைக்குச் சொல்லும் அந்த நேரத்தில், அஞ்சாவது கணினியிலிருந்து 'விடிவெள்ளி'யின் சுக்கானி மிக்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கரை, கரை, விடிவெள்ளி பேசுதேன், காத்து இல்ல, டீசல் பாதி இருக்கு, நாளைக்குக் கரை சேந்திருவோம், ஓவர்" என்றான். ஜெசிந்தா அப்போது சங்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, "யாரெல்லாம் இருக்கிய?" என்று கேட்டாள். ஒன்பது பேரும் வரிசையாகப் பேர் சொன்னார்கள், கடைசியாகக் கஸ்பார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஒரு வாரம் அழுதது, அடுத்த வாரம் நாற்காலி வாங்கிப் போட்டது. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒன்பது குடும்பத்துக்கும் முறை வைத்தார்கள்; பீரோ சாவி எங்கே என்று கேட்டார்கள், பிறந்த பிள்ளைக்கு என்ன பேர் வைக்க என்று கேட்டார்கள், மாமியாரைப் பற்றிச் சொன்ன புகார்களுக்கு உள்ளேயிருந்து சமாதானம் வாங்கினார்கள், ஒருத்தி தன் மகனுக்கு அவன் அப்பாவைக்கொண்டே எஞ்சின் கழற்றச் சொல்லிக்கொடுத்தாள், செபாஸ்தியார் கோப்பைப் பந்தாட்டத்தில் ஊர் தோற்ற சேதி கேட்டு உள்ளே ஒன்பது பேரும் ஒரு மணி நேரம் நடுவரைத் திட்டினார்கள். சங்கத்து வாசலில் டீக்கடை ஒன்று முளைத்தது. பங்குச் சாமியார் வந்து மூன்று நாள் தயங்கித் தயங்கிக் கடைசியில் ஒன்பது பேருக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்டார், வெளியே வரும்போது அவர் முகம் சிவந்திருந்தது, மிக்கேல் சொன்ன பாவம் எதுவோ என்று ஊர் ஒரு மாதம் பேசிச் சிரித்தது. உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் நாள் நகரவே இல்லை. காற்று இல்லை, டீசல் பாதி இருக்கிறது, நாளைக்குக் கரை சேர்ந்துவிடுவோம் என்று ஏழு வருஷமும் தினம் சொன்னார்கள், கரையிலிருந்தவர்களும் சரி நாளைக்குப் பார்ப்போம் என்று தினம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள்.

மற்ற படகுக்காரர்கள் விளையாட்டாக உள்ளே பேச்சுக் கொடுக்க ஆரம்பித்ததும் ஒன்பது பெண்களும் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் ஆம்பிளைகள் இருக்கும் இடத்தை வேறு எவனும் தொடக்கூடாது, எவன் கை பட்டு என்ன அழியுமோ, நல்ல பூட்டாகப் போடு என்று பொறியாளரை உலுக்கி எடுத்தார்கள். அவர் மற்றப் படகுகளின் பதிவை நாலாவது கணினிக்கு மாற்றிவிட்டு, சேமிப்புப் பெட்டியில் அஞ்சாவதன் கோப்பு இருக்கும் அறைக்கு ஒரு பூட்டுப் போட்டார். அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது, ஒன்பது பேருடைய பேர்தான் சாவி. சங்கத்து உறுப்பினர் பட்டியலில் அந்த ஒன்பது பேரையும் ஒரு குழுவாகக் கட்டி, கணினி எழும்போதெல்லாம் அந்த ஒன்பது பேரின் பேரைச் சொல்லி உள்ளே போகும்படி செய்து, "இனி உங்க வீட்டுக்காரங்க தவிர யாரும் உள்ள போக முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். பெண்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கணினி வேலையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஜெசிந்தா படித்தது பி.எஸ்ஸி. கணிதம், மீதியைப் பொறியாளர் விட்டுப்போன நோட்டைப் பார்த்தும், தப்புச் செய்தும், தப்பைச் சரிசெய்தும் கற்றுக்கொண்டாள். நாலு மணிக்கு முதல் முறை அவளுக்குத்தான், அது யாரும் எழுதி வைக்காத சலுகை. அவளும் கஸ்பாரும் எல்லாமே பேசினார்கள், ஒன்றைத் தவிர.

அந்தக் கரையில் கடலுக்குப் போகிற ஆண் வாய்விட்டு விடை கேட்பதில்லை. விடியற்காலையில் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் ஒரு நிமிஷம் நிற்பான். உள்ளேயிருந்து பெண் "போயிட்டு வாங்க" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு படியிறங்குவான். புயலுக்கு முந்தின வியாழக்கிழமை கஸ்பார் போவதாகவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தாவின் அக்காள் மகளுக்குக் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, அவன்தான் ஞானத்தகப்பன். படகுக்கு ஓர் ஆள் குறைகிறது என்று மிக்கேல் வந்து கெஞ்சியதும் பட்டென்று சரி சொல்லிவிட்டான். ஜெசிந்தாவுக்கு வந்த கோபத்தில் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் நிலைப்படியில் நின்றான். வெகுநேரம் நின்றான். கரையில் படகின் ஹாரன் இரண்டுதரம் அடித்தது, அவள் திரும்பவில்லை, அவன் போய்விட்டான். ஏழு வருஷமாகத் தினம் மைக்கின் முன்னால் உட்கார்ந்தும் அவள் அதைச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஆகவே அனுமதி மறுக்கப்பட்டது என்ற வரியைப் பார்த்ததும் ஜெசிந்தா அந்தக் கணினியைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்கு எட்டுப் பெண்களும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "நாளைக்குச் சரியாயிரும்" என்றாள் அவள். ஏழு வருஷமாக எல்லாரும் கேட்டுப் பழகிய வார்த்தை என்பதால் அவர்களும் சரி என்று எழுந்து போனார்கள்.

மறுநாள் சரியாகவில்லை. கோப்பைப் பார்த்தாள், அது தன் இடத்தில் பத்திரமாக இருந்தது, உரிமையாளர் பேர் சரி, படிக்கும் உரிமை சரி, எழுதும் உரிமை சரி. கோப்பு வரைக்கும் போகிற வழியைப் பார்த்தாள். ஏழு அறை தாண்டி எட்டாவது அறையில் கோப்பு, நடுவில் ஒரு அறை வழிவிடாவிட்டாலும் கடைசி அறைக் கதவு திறந்திருந்து பயனில்லை என்று நோட்டில் எழுதியிருந்தது, அதனால் வாசலிலிருந்து ஒவ்வொரு அறையாகத் தட்டிக்கொண்டு போனாள், எல்லாக் கதவும் இருக்கவேண்டியபடியே இருந்தது. எந்தக் கதவு, யாரை, ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த இரும்புக்கு என்ன குறைந்துவிடும்? அது சொல்லவில்லை. எத்தனைமுறை எழுப்பினாலும் அதே வரியை அதே மரியாதையோடு காட்டியது.

மூன்றாம் நாள் ரூட் என்ற பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பேரில் போனால் இரும்புப் பெட்டிக்குள் திறக்காத கதவு கிடையாது. ஆனால் சேமிப்புப் பெட்டி வேறு வீடு, அங்கே வேறு சட்டம், வெளியிலிருந்து ரூட் என்று சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும் அந்தப் பேரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். அன்று வந்து போனவர்களின் குறிப்பை ஜெசிந்தா திறந்து பார்த்தாள். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வந்தவர்: யாருமில்லை. மூன்று பதினைந்துக்கு வந்தவர்: யாருமில்லை. அந்த யாருமில்லை அவள்தான். அவள் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

பிறகு சேமிப்புப் பெட்டியின் முன்னாலேயே நாற்காலியைப் போட்டு நேராக உள்ளே இறங்கினாள். ஆத்திரத்தில், கையில் வந்த கட்டளையைப் போட்டு எல்லா அறையையும் எல்லாருக்கும் திறந்துவிட்டாள், யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். உடனே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நாலு கணினிகளும் முரண்டு பிடித்தன, இப்படித் திறந்து கிடக்கும் வீட்டில் எங்கள் சாவிகளை வைக்கமாட்டோம் என்று ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டன. வெளியே ஐஸ் டோக்கன் வாங்க நின்ற நாற்பது பேர் கூச்சல் போட்டார்கள். செயலாளர் இஞ்ஞாசி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா, இருந்த நாலையும் சாவடிச்சிட்டியே!" என்றார். அவற்றை ஒவ்வொன்றாகப் பழையபடி பூட்டி எழுப்ப அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இதற்குள் ஊர் தன் பங்குக்கு இறங்கிவிட்டது. பங்குச் சாமியார் இரும்புப் பெட்டிக்குத் தீர்த்தம் தெளிக்க வந்தார், கரண்டு இருக்கு சாமி என்று இஞ்ஞாசி கத்தியதும் பெட்டிக்கு இரண்டடி தள்ளித் தெளித்துவிட்டுப் போனார். ஒருத்தி ஜெபமாலையை வயர்களில் சுற்றினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் கலெக்டருக்கு மனு எழுதினார், அனுமதி கொடுக்கவேண்டியது கலெக்டர்தானே என்பது அவர் கட்சி. ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னார்கள். தினம் நாலு மணிக்கு எட்டுப் பெண்களும் வந்து பேசாத மைக்கின் முன்னால் முறை தவறாமல் ஆளுக்கு ஒரு பதினைந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து அடுத்தவளுக்கு இடம் விட்டார்கள். டீக்கடைக்காரர் அந்த நேரத்தில் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் நாகர்கோவில் பொறியாளர் போனில் அகப்பட்டார். அவர் இப்போது வேறு வேலையில் இருந்தார், பழசெல்லாம் மங்கலாகத்தான் ஞாபகம் இருந்தது. கோப்பைப் பார், அறையைப் பார் என்று அவள் ஏற்கெனவே பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "கதவு திறந்திருக்கான்னு பாத்தீங்க, சரி. அந்தக் கதவு யாருக்குத் திறக்கும்? அவங்க இருக்காங்களா? அதப் பாத்தீங்களா?" என்றார்.

அவள் பார்க்கவில்லை. எட்டாவது அறைக் கதவு 'விடிவெள்ளி' என்ற குழுவுக்குத் திறக்கும் என்று எழுதியிருந்தது, அது சரி. 'விடிவெள்ளி' குழுவில் யார் யார் என்று கேட்டாள். திரை ஒரு வெற்று வரியைக் காட்டியது. குழு இருந்தது, குழுவில் ஒருவரும் இல்லை. ஜெசிந்தா போனைக் கீழே வைத்தாள். அந்த ஒன்பது பேரையும் எடுத்தவள் யார் என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

காணாமல் போனவர் ஏழு வருஷம் திரும்பாவிட்டால் இறந்தவர் என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு முன்னால் அதற்கான படிவம் சங்கத்துக்கு வந்தது. வீட்டுப் பட்டாவை மாற்ற ஒருத்திக்கு அது வேண்டியிருந்தது, மகனின் பாஸ்போர்ட்டுக்கு ஒருத்திக்கு, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒருத்திக்கு. ஒன்பதில் இளையவளான பிரின்சிக்கு மறுகல்யாணம் பேசியிருந்தார்கள், இறப்புச் சான்று இல்லாமல் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். ஜெசிந்தாவுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. படிவத்தில் ஒன்பது கோடு இருந்தது, எட்டில் கையெழுத்து விழுந்தாயிற்று, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், போட்டாள். மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு மணிக்கு அதே ஒன்பது பெண்களும் அஞ்சாவது கணினியின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்கள். காகிதம் சர்க்காருக்கு, பேச்சு நமக்கு என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். மறுநாள் காலை இஞ்ஞாசி சொன்னபடி, உறுப்பினர் பட்டியலிலிருந்து ஒன்பது பேரையும் எடுத்து மறைந்தோர் பட்டியலில் சேர்த்தது ஜெசிந்தாவின் கை. கணினி எழும்போது மட்டும்தான் பேர் கேட்கும், எழுந்து ஓடிக்கொண்டிருக்கும்வரை கேட்காது. அதனால் செத்தவர்கள் என்று எழுதப்பட்ட பிறகும் ஒன்பது பேரும் மூன்று வாரம் பேசிக்கொண்டிருந்தார்கள், கரண்ட் போகிறவரை.

பொறியாளர் போனில் பேசிய அன்றே நாலு மணிக்கு அவள் எட்டுப் பேருக்கும் இதைச் சொன்னாள். முதலில் யாருக்கும் புரியவில்லை, பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"அப்ப பேரத் திரும்பச் சேத்தா எந்திரிச்சிருவாங்களா?" என்று கேட்டாள் மிக்கேலின் மனைவி லூர்தாள்.

"எந்திரிப்பாங்க. ஆனா பட்டியல் மாசாமாசம் மேல போகுது. செத்தவுக உறுப்பினரா இருக்க முடியாது. உயிரோட இருக்காகன்னு நாம எழுதிக் குடுக்கணும். அந்தக் காகிதம் பொய்யின்னு ஆயிரும்."

பட்டா மாறிய வீட்டில் லூர்தாள் மாடி எடுக்கத் தொடங்கியிருந்தாள். பாஸ்போர்ட் வாங்கிய பையன் மஸ்கட்டில் இறங்கிவிட்டான். ஒவ்வொருத்தியும் அடுத்தவள் மூஞ்சியைப் பார்த்தாள், அப்படியே பார்வை சுற்றிச் சுற்றி எட்டுப் பேரில் ஓரமாக உட்கார்ந்திருந்த பிரின்சியிடம் போய் நின்றது. அவளுக்கு இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று, மூன்றாவது இந்த ஞாயிறு. கல்யாணமாகி ஐந்து மாதத்தில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஏழு வருஷம் அவன் குரலோடு குடும்பம் நடத்தியவள் அவள்.

"எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கிய" என்றாள் பிரின்சி. "நான் வேண்டாம்னு சொல்லணும், அப்புறம் பிரின்சியாலதான் போச்சுன்னு நீங்க வீட்டுக்குப் போகணும். அதான? சரி, சொல்லுதேன். வேண்டாம். என் தலையில போடுங்க. எனக்கு ஒரு ஆளு சாயங்காலம் வீட்டுக்கு வரணும்க்கா, நாளைக்கு வாறேன்னு சொல்லுத ஆளு எனக்கு இனி வேண்டாம்." சொல்லிவிட்டு அவள் அழுதாள். லூர்தாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்டுப் பேரும் அழுது முடித்துவிட்டு, மைக்கைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு, ஆளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் அடுக்கினார்கள்.

ஜெசிந்தாவின் நாற்காலி மட்டும் மிஞ்சியது. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. அவள் பட்டியலைத் திறந்தாள், மறைந்தோர் வரிசையில் ஒன்பதாவது பேரை, கஸ்பாரின் பேரை, வெட்டி எடுத்து, உறுப்பினர் வரிசையில் வைத்தாள். அவள் காகிதத்துக்கு ஒரு பயனும் இல்லை, பொய்யாகிப்போனால் போகட்டும். அப்போது இஞ்ஞாசி பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு பேருதான. டைப் அடிக்கையில தப்பு விழுந்திட்டுன்னு எழுதிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சாவது கணினியை எழுப்பினாள். அது எழுந்தது. பன்னிரண்டு நாளாகக் கெஞ்சியும் மிரட்டியும் நகராத கதவு, ஒரு பேரைச் சொன்னதும் சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

"கரை, கரை" என்றது கஸ்பாரின் குரல். அவன் ஒருநாளும் முதலில் பேசியதில்லை, சுக்கானி மிக்கேல்தான் பேசுவான். "கரை, யாராது இருக்கியளா? விடிவெள்ளி பேசுதேன்."

"நான்தான்" என்றாள்.

"ஜெசிந்தா! ஏட்டி, மத்தவனெல்லாம் எங்க? இப்பத்தான் எல்லாரும் இருந்தானுவ. மிக்கேல் சுக்கானப் பிடிச்சிட்டு நின்னான், திரும்பிப் பாக்கேன், ஆளக் காணோம். சோறு வெந்திட்டிருக்கு. ஒன்பது பேத்துக்கு உலையில அரிசி கிடக்கு. நான் மட்டும் நிக்கேன்."

அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "தூங்குவாக."

"படகுல ஒருத்தராவது முழிச்சிருக்கணும்ட்டி. எல்லாரும் ஒண்ணா எங்கயாவது தூங்குவானுவளா?" அவன் எதையோ எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. "அவனுவள அனுப்பிட்டியளா?"

"ஆமா."

"வீட்டுல விடை குடுத்தாவளா?"

"குடுத்தாக. எல்லாரும் குடுத்தாக." மைக்கைத் தொட்டு முத்தியதை அவள் விடை என்றே கணக்கில் வைத்தாள், வேறு என்ன சொல்ல முடியும்.

அன்று அதோடு விட்டான். மறுநாள் நாலு மணிக்கு, காற்று இல்லை, டீசல் பாதி இருக்கிறது என்றான். நாளைக்குக் கரை சேர்ந்துவிடுவேன் என்று சொல்லவில்லை. அதற்கும் மறுநாள் ஒற்றை ஆளாகச் சுக்கானும் பிடித்து வலையும் பார்க்க முடியவில்லை என்றான். அவள் ஊர்க் கதைகள் சொன்னாள், பிரின்சியின் கல்யாணத்தைச் சொல்லவில்லை, அக்காள் மகள் பத்தாம் வகுப்பில் எடுத்த மார்க்கைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். ஊரில் யாரும் வரவில்லை, நாலு மணிக்குச் சங்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், எட்டுப் பெண்களும் சந்தைக்குப் போக வேறு தெருவைப் பிடித்தார்கள். ஜெசிந்தா தன் முறையோடு மற்ற எட்டுப் பேர் முறையையும் சேர்த்து இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தாள்.

ஏழாம் நாள் அவன், "ஜெசிந்தா, சத்தமே இல்லாம இருக்குட்டி இங்க" என்றான். "தண்ணிச் சத்தம் கூட இல்ல. நானே பேசி நானே கேக்கேன். எனக்கும் பேர எடுத்திரு." அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை, கடலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பட்டியல் திரையில் திறந்துதான் இருந்தது. அவன் பேர் மேல் அவள் விரல் பலநாளாகவே போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. ஒரு பேரை வெட்டி இன்னொரு இடத்தில் வைத்து, கணினியை ஒருதரம் படுக்கவைத்தால் முடிந்தது. அதற்கு இப்போது எந்தக் கதவும் தடையில்லை, எல்லா அதிகாரமும் அவள் கையில்தான் இருந்தது.

"அன்னைக்கு நிலையில ரொம்ப நேரம் நின்னேன்" என்றான் கஸ்பார். ஏழு வருஷத்தில் முதல்முறையாகச் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை. "ஹாரன் அடிச்சிட்டான், அதான் இறங்கிட்டேன். இப்ப யாரும் ஹாரன் அடிக்கல. நிக்கேன்." பிறகு அந்தக் கரையில் எந்த ஆணும் கேட்காததை அவன் வாய்விட்டுக் கேட்டான். "போயிட்டு வரட்டா?"

பதிலுக்கு இரண்டே வார்த்தை, போயிட்டு வாங்க. அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் அவன் படியிறங்கிவிடுவான், இனி எந்த நாலு மணிக்கும் நிலைப்படியில் ஆள் இருக்காது. சொல்லாவிட்டால் ஒன்பது பேருக்கு வெந்த சோற்றோடு, காற்றில்லாத கடலில், தனியே நிற்பான். இதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், நன்றாகத் தெரியும்.

"ஜெசிந்தா?" என்றான் அவன். "இருக்கியா?"

ஜெசிந்தா நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.